உட்காரச் சொல்ல ஆளில்லாத வகுப்பு

தட்சிணாமூர்த்தி அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நிர்வாகியாக வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆனி மாதத்தில் ஒரு புழுக்கமான மத்தியானம். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன அடுத்த வருஷம் அது. கடலூர் கல்வி அலுவலகத்தில் பேர் எடுத்த மனிதர் அவர். புதுச்சேரிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது மேலதிகாரிகள் யோசிக்காமல் அவரைத்தான் அனுப்பினார்கள். கெட்டிக்காரர் என்பது ஒரு காரணம். அவர் இருக்கும் இடத்தில் யாரும் நிம்மதியாக வெற்றிலை போட முடியாது என்பது இன்னொரு காரணம்.

கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், மஞ்சள் சுண்ணாம்பு பூசிய உயரமான சுவர்களுக்குள் இருந்தது பள்ளிக்கூடம். பலகை வைத்த பெரிய பெரிய சன்னல்கள், நீளமான வராந்தா, முற்றத்தின் நடுவில் ஒரு பூவரச மரம். தலைமையாசிரியை லூர்துமேரி அம்மாள் வாசலுக்கே வந்து வரவேற்றார். பிரெஞ்சுப் படிப்பு படித்த மெலிந்த அம்மாள். ஊருக்கெல்லாம் அவர் 'மதாம்'.

வந்த வாரமே தட்சிணாமூர்த்தி அதில் கை வைத்தார். இனி மதாம் இல்லை, மெசியே இல்லை, அம்மா ஐயா போதும் என்று ஆசிரியைகளைக் கூட்டிச் சொன்னார். வகுப்பில் எழு, உட்கார், போ என்பதெல்லாம் தமிழில்தான் என்றார். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் வார்த்தையைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது அவர் கட்சி. மதாம் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

அடுத்த தலைவலி இடம். அதுவரை பெரிய வீட்டுப் பெண்கள் மட்டும் வந்து போன பள்ளிக்கு இப்போது சாரத்திலிருந்தும் தட்டாஞ்சாவடியிலிருந்தும் பிள்ளைச்சாவடிக் குப்பத்திலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பில் இன்னொரு பிரிவு திறந்தே ஆக வேண்டும். மேற்குப் பக்கக் கடைசியில் ஒரு பெரிய அறை பூட்டிக் கிடந்தது.

"அத விட்டுடலாமே. ஒரே ஓதம், பிள்ளைங்களுக்குச் சளி பிடிக்கும்" என்றார் மதாம்.

"காத்தாட நாலு நாள் திறந்து வெச்சா ஓதம் தன்னால போயிடும்மா."

"ஓதம் மட்டும் இல்ல மெசியே..." என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லைங்கய்யா" என்று திருத்திக்கொண்டு நிறுத்திவிட்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு தட்சிணாமூர்த்தி தானே போனார். பூட்டு திறந்துவிட்டது. கதவைத்தான் தோளால் முட்ட வேண்டியிருந்தது.

உள்ளே இருட்டு. சன்னல் பலகைகளின் இடுக்குகளில் கீற்றுக் கீற்றாக வெயில். முன்னால் மரமேடை, அதன்மேல் மேசை நாற்காலி. எதிரே வரிசையாக நீள மேசைகளும் பெஞ்சுகளும். எலிப்புழுக்கை நாற்றத்தை எதிர்பார்த்துத்தான் மூக்கைத் துண்டால் மூடியிருந்தார். ஆனால் அடித்தது வேறு வாசனை. காய்ச்சல்காரர் நெற்றியில் போடும் ஈரத்துணியின் ஓடிக்கோலான் வாசனை.

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

சர்ரக் என்று ஒரு சத்தம். எல்லாப் பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்பட்ட சத்தம்.

பார்த்தார். பெஞ்சுகள் இருந்த இடத்தில் இருந்தன. தூசி மட்டும் வெயில் கீற்றுகளில் எழும்பிச் சுழன்றது.

மேலே ஓட்டில் பெருச்சாளி ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். நீளத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு திரும்பி வெளியே வந்துவிட்டார். நிறைந்த வகுப்பாக இருந்திருந்தால் அவரும்தான் கையை அசைத்து உட்காரச் சொல்லியிருப்பார். காலி அறையில் யாரிடம் சொல்வது?

*

அந்த அறைக்கு வெள்ளையடித்து, புதிய பிரிவு தொடங்கியது. சுலோசனா என்ற இளம் ஆசிரியையிடம் பொறுப்பைக் கொடுத்தார். முதல் சில நாட்கள் தட்சிணாமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. வராந்தாவில் அவர் தலை தெரிந்தால் போதும், அந்த வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு வராது என்று சொன்னவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"நல்லா பழக்கியிருக்கீங்க" என்று சுலோசனாவிடம் சொன்னார்.

"நான் பழக்கலங்கய்யா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போனதுக்கப்புறமும் உட்கார மாட்டேங்குதுங்க. அதட்டி அதட்டித்தான் உட்கார வைக்கறேன். சில சமயம் நீங்க வரலன்னாலும் எழுந்துடுதுங்க. ஒண்ணு எழுந்தா எல்லாம் எழுந்துடுது."

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி பிறந்ததும் பூவாயி என்ற மீன்காரம்மாள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். கூடையை வெளியே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பிள்ளைச்சாவடிக்காரி. மகள் அந்த வகுப்பில் படித்தாள்.

"ஐயா, எம் பொண்ணு ஊட்டுலயும் உட்கார மாட்டேங்குது. சோத்தக்கூட நின்னுக்கினே துண்ணுது. காலு பாரு, பூசணிக்கா மாரி வீங்கிக் கெடக்குது. கேட்டா, இன்னும் சொல்லலம்மா இன்னும் சொல்லலம்மான்னுது. யார் இன்னா சொல்லணும்? நீ சொல்லுய்யா."

"வகுப்புல நிக்க வெச்சுத் தண்டனை குடுக்கறது கிடையாதும்மா இங்க."

"நாங்க நாத்தத்துல நின்னு மீனு வித்துதான் படிக்க வெக்கிறோம். படிப்பு வேணுந்தான். அதுக்காவ புள்ள காலு போவணுமா?"

அன்றே அவள் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். பின்னாலேயே இன்னும் சில குடும்பங்கள். அறையில் கோளாறு என்று பேச்சு குப்பம் வரைக்கும் போய்விட்டது. பிள்ளைகள் குறைந்தால் பிரிவை மூடிவிடுவார்கள், பிறகு இந்தப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஏது என்று தட்சிணாமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய பிடிவாதத்தில் பாதி நல்லெண்ணம்தான். மீதிப் பாதியைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

வேறு பிரிவில் படித்துக்கொண்டிருந்த தன் மகள் கமலாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அந்த அறையில், முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"என் பொண்ணே இங்கதான் உட்காரப் போறா. இனிமே எவனாவது கதை கட்டட்டும் பாக்கலாம்" என்றார்.

*

ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பாயில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த கமலா எழுந்து நின்றாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார், முகம் கழுவினார், காப்பி குடித்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க" என்றாள் மனைவி லட்சுமி அடுக்களையிலிருந்து. "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"உட்காரும்மா."

கமலா அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தாள்.

"எப்படிப்பா? எல்லாரும் நிக்கிறாங்களே" என்றாள் மெதுவாக.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்பதுதான் உண்மை. விளக்கேற்றாத கூடத்தில் ஓடிக்கோலான் வாசனை லேசாக அடித்தது.

மறுநாளே அந்த வகுப்பை முற்றத்துக் கீற்றுக் கொட்டகைக்கு மாற்றினார். அறையைப் பூட்டினார். மற்றப் பிள்ளைகள் இரண்டொரு நாளில் சரியாகிவிட்டார்கள். பூவாயிகூட மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள்.

கமலாவுக்கு மட்டும் சரியாகவில்லை.

சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கினாள். தூக்கிப் படுக்க வைத்தால் உடம்பு பலகை போல விறைத்துக்கொண்டு, கண் திறக்காமலே எழுந்து நின்றுவிடும். கணுக்கால்கள் வீங்கித் தோல் பளபளத்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மருந்து எழுதினார்கள். ஒரு மருத்துவர், பெண் பிள்ளைக்கு இது வீம்பு என்றார். காய்ச்சல் ஏறியது. "புள்ள கையவிட்டுப் போயிடுங்க" என்று லட்சுமி அழுதாள். தன் வாய்க்கொழுப்புக்குப் பிள்ளையைப் பணயம் வைத்துவிட்டோம் என்று தட்சிணாமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் மதாமின் வீட்டுக்குப் போனார்.

மதாம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததை அவர் நேரில் பார்த்ததில்லை, தமக்கு முன்னால் தலைமை வகித்தவர் சொன்னது என்று ஆரம்பித்தார்.

"யுத்த காலம். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். பாதி டீச்சருங்க வரல. அந்த கிளாஸ்ல இருந்த பிள்ளைங்களுக்கும் உடம்பு சரியில்ல, பரீட்சைக்காக நெத்தியில துணியக் கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்திருந்தாங்க. காலையில சுர்வேயான் உள்ள வந்தாரு. ஒழுங்கு, ஆஜர், மணி எல்லாத்தையும் பாக்கறவரு. அவர் நுழைஞ்சா எழுந்து நிக்கணும், அவர் சொன்னாத்தான் உட்காரணும். அது இங்கத்த வழக்கம். அன்னைக்கு எல்லாரும் எழுந்தாங்க. அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுலேர்ந்து ஆள் ஓடி வந்துது, உங்க பொண்ணுக்குச் சீரியஸுன்னு. மனுஷன் அப்படியே திரும்பி ஓடிட்டாரு."

"உட்காரச் சொல்லல?"

"சொல்லல. பெத்த மனசு. பிள்ளைங்க நின்னாங்க. சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க. மயங்கி விழுந்ததுகூட எழுந்து நின்னுதாம். அந்த வாரமே அந்த கிளாஸ்ல முக்கால்வாசி போயிட்டாங்க. சுர்வேயான் பொண்ணும் போச்சு. அவர் திரும்பி வரவேயில்ல. அதுக்கப்புறம் அந்த வேலைக்கு ஆளே போடல."

மதாம் அவரை நேராகப் பார்த்தார்.

"இப்பதான் போட்டிருக்காங்க. பேரை நிர்வாகின்னு மாத்திட்டா வேலை மாறிடுமா? நீங்க அந்த வாசல்ல நுழைஞ்சீங்க. அவங்க எழுந்தாங்க. நீங்களும் திரும்பி வந்துட்டீங்க."

"அதுக்கு எம் பொண்ணு என்னம்மா பண்ணா?"

"போன தடவை அவர் பொண்ணைப் பார்க்கத்தானே விட்டுட்டு ஓடுனாரு. இந்தத் தடவை உங்க பொண்ணையே கூட வெச்சுக்கிட்டா நீங்க ஓட மாட்டீங்கன்னு..." மதாம் முடிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. கமலாவைத் தோளில் சாத்திக்கொண்டு தட்சிணாமூர்த்தி வராந்தாவில் நடந்தார். அவள் மடங்கவில்லை. நெற்றி மட்டும் அவர் கழுத்தில் கொதித்தது.

பூட்டைத் திறந்தார். உள்ளே காலை வைத்தார்.

சர்ரக்.

இந்த முறை பெருச்சாளி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. கமலாவை முதல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு மேடை ஏறினார். எதிரே வெறும் பெஞ்சுகள். ஆனால் அறை நிறைந்திருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. காய்ச்சல்காரர்களின் சின்னச் சின்னச் சூடான மூச்சு.

"உட்காருங்க" என்றார்.

ஒன்றும் அசையவில்லை.

"உட்காருங்கம்மா. உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

கமலாவின் முழங்கால்கள் நடுங்கின. கண்ணீர் வழிந்தது. அவள் நின்றாள்.

எந்த வார்த்தையைப் பள்ளிக்கூடத்துக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று வந்த வாரம் அவர் உத்தரவு போட்டாரோ, அதுதான் பாக்கி இருந்தது. நாக்கு புரளாமல், கடலூர்த் தமிழ் வாசனையோடு, உட்காருங்கள் என்பதைப் பிரெஞ்சில் சொன்னார்.

"அஸ்ஸேயே வூ."

முதலில் கடைசி வரிசையில் ஒரு பெஞ்சு முனகியது.

பிறகு அதற்கு முன்னால் ஒன்று.

வரிசை வரிசையாக மரம் முனகிக்கொண்டு வந்தது. பாரம் இறங்கும் சத்தம். கடைசியில் முதல் பெஞ்சு. கமலா முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, மேசையில் கன்னத்தை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டாள்.

தட்சிணாமூர்த்தி மேடையிலேயே நின்று வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்து அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நிலைப்படியில் கால் வைத்ததும் பின்னால் சர்ரக். தோளில் கிடந்த உடம்பு விறைத்தது.

திரும்பி வந்து மறுபடி சொன்னார். உட்கார்ந்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அந்த வெற்று வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கீற்றுகள் சுவரில் ஏறின. லட்சுமி தேடிக்கொண்டு வந்தாள், கூட மதாமும் வந்தார். மதாம் வாசலுக்கு வெளியிலேயே நின்று விஷயத்தைக் கேட்டார்.

"மணி அடிக்காம எப்படி மெசியே விடுவாங்க? காலையில மணிக்கு வந்து உட்கார வைக்கணும், சாயங்காலம் மணி அடிச்சு அனுப்பணும். நடுவுல எழுந்து போகக் கூடாது. அதுதானே உங்க வேலை."

மணிக்கயிற்றை மதாமே போய் இழுத்தார். முற்றத்தில் மணி ஒலித்தது.

தட்சிணாமூர்த்தி வாசலோரம் ஒதுங்கி நின்றார். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரண்டிரண்டாக, வரிசை கலையாமல், சத்தமில்லாத கால்கள் அவரைக் கடந்து போயின. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குளிர்ந்த காற்று. ஒவ்வொரு முறையும் அவர் வேட்டி நுனி அசைந்தது. கடைசி ஜோடி போன பிறகு அது அசையவில்லை. கமலா அம்மாவின் மடியில் சுருண்டு தூங்கினாள்.

மறுநாள் காலை, பள்ளிக்கூட மணி நேரத்துக்கு, வீட்டில் இட்டிலி தின்றுகொண்டிருந்தவள் எழுந்து நின்றாள்.

தட்சிணாமூர்த்தி செருப்பில்லாமல் ஓடினார்.

*

அன்றிலிருந்து அவர் அலுவலகம் அந்த அறைக்கு மாறியது. காலை மணிக்கு நுழைவார், அந்த வார்த்தையைச் சொல்வார், மேடையில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். சாயங்கால மணி வரை எழுந்திருக்க மாட்டார். தீபாவளி, பொங்கல், ஞாயிறு, எதற்கும் விடுமுறை இல்லை. "ஊர்ல பிள்ளைங்களுக்குத்தான் லீவு, அவருக்கு இல்ல" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். ஒருமுறை காரைக்காலுக்குப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பைத்தியம் என்றார்கள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

கமலா நன்றாக வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள். சாரத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். தாலி ஏறிய கையோடு அவர் பந்தியில்கூட உட்காராமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடியதைச் சம்பந்தி வீட்டார் இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரே ஒரு பயம்தான் அவரை இரவில் புரட்டியது. தனக்குப் பிறகு யார்?

அறுபத்திரண்டில், புதுச்சேரி சட்டப்படியே இந்தியாவோடு சேர்ந்த கையோடு, பதவிகளை எல்லாம் மாற்றி அமைத்தார்கள். அவருடைய இடத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தாக்கீது வந்தது. மாதக் கடைசியில் வருவார் என்றார்கள். வரட்டும், பக்குவமாக எடுத்துச் சொல்லலாம், நம்பாவிட்டால் காலில் விழலாம் என்று தட்சிணாமூர்த்தி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் மாதக் கடைசி வரை பொறுக்கவில்லை. ஒரு காலை வேளையில், சொல்லாமல் கொள்ளாமல், ஜீப்பில் வந்து இறங்கி நேரே அறைக்குள் நுழைந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு.

"நான்தான் ராமலிங்கம். புதுசா போட்டிருக்கற ஆபீசர்."

மேலதிகாரியைக் கண்டதும் எழுந்து நிற்பது உத்தியோகத்தில் ஊறிய உடம்பின் பழக்கம். இத்தனை வருஷம் சாயங்கால மணிக்கு முன்னால் நாற்காலியை விட்டு அசையாத தட்சிணாமூர்த்தி, யோசிக்கும் முன்பே எழுந்துவிட்டார்.

அவர் எழுந்தார்.

கூடவே மொத்த வகுப்பும் எழுந்தது.

"என்ன சத்தம், எலியா?" ராமலிங்கம் ஓட்டை அண்ணாந்து பார்த்தார். "வெள்ளையடிச்சு எத்தனை நாளாச்சு? சரி, பொறுப்பை நான் எடுத்துக்கிட்டதா வெச்சுக்குங்க. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம். பொண்ணு வண்டியில இருக்கா, வெயில்."

"ஐயா, ஒரு வார்த்தை..."

"நாளைக்கு" என்று திரும்பி நடந்துவிட்டார்.

தட்சிணாமூர்த்தி பதறிப்போய் வகுப்பைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். இன்னொரு தரம் உரக்கச் சொன்னார். ஒரு பெஞ்சும் முனகவில்லை. அவர்கள் இப்போது அவரைப் பார்க்கவில்லை என்று எப்படியோ தெரிந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சன்னல் வழியே ஜீப் கிளம்புவது தெரிந்தது. பின் இருக்கையில் பச்சைக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண். ஓடும் வண்டியில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்பா கையை நீட்டி உட்காரச் சொன்னதும் தெரிந்தது.

கூப்பிட்டிருக்கலாம். வண்டி தெருமுனையில்தான் இருந்தது. ஆனால் அவருக்குக் கமலாவின் நினைப்புத்தான் வந்தது. வேறு யார் நினைப்பும் வரவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சாரத்துக்கு விழுந்தடித்து மிதித்தார்.

கமலா கூடத்தில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நுழைந்தார். அவள் எழவில்லை. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னப்பா இந்த நேரத்துல?"

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். விட்டுவிட்டார்கள், என் பொண்ணை விட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்தார். மாப்பிள்ளை வந்ததும் இலை போட்டார்கள். பகலில், நாலு பேரோடு, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பச்சைக் கவுன் இரண்டு தடவை மனதில் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினார்.

மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு கமலா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவங்கள யார் பாத்துக்கறாங்கப்பா?"

"புது ஆபீசர் வந்துட்டாரும்மா."

"உட்கார வைக்கணும்னு அவருக்குச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றார் தட்சிணாமூர்த்தி.

கமலா தட்டுவதை நிறுத்தினாள். கூடத்தில் யாரும் இல்லை. அவள் பார்வை அவரைத் தாண்டி, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு வகுப்பறைச் சுவரைப் பார்ப்பது போல நிலைத்திருந்தது.

"இல்லப்பா, நீங்க சொல்லல" என்றாள். கோபமில்லாத, களைத்த குரல். "பச்சக் கவுன் போட்டுக்கிட்டு ஒரு புள்ள இப்பதான் வந்துது. ரொம்ப அழுவுது."

குழந்தையைத் தட்டும் கை மறுபடி அசைந்தது.

"முதல் பெஞ்சுல, எனக்குப் பக்கத்துலதான் நிக்குது."